வெயில் புல்லைத் தொடும் முன்

அக்கா,

இன்று காலை உன் வீட்டுப் பின்கொட்டகையின் பரணில் இருந்து காய்ந்த புல்லை இறக்கும்போது உன் கம்பளி கையோடு வந்தது. எஸ்டேட்டில் மழைக்காலத்துக்குக் கொடுத்த கறுப்புக் கம்பளி. அதன் உள்பக்கம் நீ சாக்கு ஊசியால் வைத்துத் தைத்த பிளாஸ்டிக் உரப்பை இன்னும் பிரியவில்லை. முகத்தருகே கொண்டுபோனேன். தேயிலைக் கறை வாடையும் குதிரை வியர்வை வாடையும் ஒன்றாகக் கலந்து அதில் கிடந்தன. நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது.

வெளியே மேடு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மூணாறுக்கு மேலே இந்த வருஷமும் உறைபனி. ஓரத்துச் செடிகளில் கொழுந்து கருகிவிட்டது. செவலிக் குதிரை கதவருகே நின்று வாயிலும் மூக்கிலும் ஆவி விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது. இடது பின்னங்காலை இன்னமும் முழுதாக ஊன்றமாட்டாள்.

அந்தக் காலைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுதினால் எதைக் கெடுத்தேன் என்பது எனக்கே தெரியாமல் போய்விடும். அதனால் முதலில் இருந்து வருகிறேன்.

கீழே என் ஊரான எலப்புள்ளியில் என் தம்பி கல்யாண ஊர்வல வண்டிக்கு வைத்திருந்த குதிரை அவள். அவன் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போனதும் பார்க்க ஆளில்லை. நீயோ மேட்டில் டூரிஸ்டுகளுக்குச் சவாரி விட ஒரு குதிரை வேண்டுமென்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். கொழுந்து பறித்துப் பறித்து உன் தோள்பட்டை ஓய்ந்துபோயிருந்தது. நான் வாக்கப்பட்டு மலைக்கு, உன் பக்கத்து வீட்டுக்கு வந்தவள் என்றாலும் குதிரைகளோடு வளர்ந்தவள். உன் வீட்டுக்குப் பின்னால் மாடு இல்லாத கொட்டகை ஒன்று சும்மா நின்றது. ஒரு கார்த்திகை மாதப் பிற்பகலில் தம்பி அவளை டெம்போவில் ஏற்றி, உடுமலை, மறையூர் வழியாகக் கொண்டுவந்து இறக்கினான். வாளையார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நடந்து பழகியவள், தேயிலைக்கு மேல் நகர்ந்து வந்த மஞ்சு மூட்டத்தைப் பார்த்து மிரண்டு பின்வாங்கினாள்.

"பாத்து வாங்கக்கா, பின்னங்கால் பக்கம் நிக்காதீங்க" என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "என்னட்டி, எனக்குப் போயி ங்க போடுத? நான் என்ன பெரிய கிளார்க்கா?"

"எங்கூர்ல அப்படித்தானுங்க பழக்கம்."

"ஒங்கூரு கீழ கெடக்கு. இங்க என்னைய நீன்னு கூப்பிடு, இல்லன்னா குதிரைய நீயே பாத்துக்கோ."

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ங்க என் நாக்கில் இருந்து உதிர்ந்துவிட்டது.

முதல் வாரமே நம் சண்டை ஆரம்பித்தது. எங்கள் ஊரில் செய்வதுபோல நான் விடிந்ததும் அவளைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டேன். அவள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு நின்றபோது நீ அடுப்படியில் இருந்து ஓடிவந்தாய்.

"இந்தக் குளிருல குளிப்பாட்டுத! நீ குளிப்பியாட்டி?"

"தேய்க்கலைன்னா தோல் கெட்டுப்போகும்."

"செத்துப்போனா தோல வச்சு என்ன செய்வ?"

அப்போதுதான் உன் கம்பளியைக் கொண்டுவந்து அவள் முதுகில் போட்டாய். மறுநாள் ஈரம் இறங்காமல் இருக்க அதன் உள்பக்கம் உரப்பையை வைத்துத் தைத்தாய். கொட்டகையின் பலகை இடுக்குகளில் எல்லாம் சாக்கைச் சுருட்டித் திணித்தாய். மேல் சன்னலை மட்டும் அடைக்க நான் விடவில்லை. காற்று போகவில்லை என்றால் மூத்திர நெடியில் குதிரைக்கு இருமல் வரும் என்றேன். நீ யோசித்துவிட்டு, "சரி, அது ஒனக்குத் தெரிஞ்சது" என்று விட்டுக்கொடுத்தாய். குளிர் உனக்குத் தெரிந்தது, குதிரை எனக்குத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தால்தான் அவள் பிழைப்பாள் என்பது உனக்கு என்னைவிட முன்னதாகவே விளங்கிவிட்டது.

மார்கழியில் அவள் தண்ணீர் குடிப்பதை விட்டாள். தொட்டித் தண்ணீரில் மூக்கை வைப்பாள், சில்லென்றதும் எடுத்துவிடுவாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் சாணம் கல்லாக விழுந்தது. பிறகு அதுவும் நின்றது. மதியம் அவள் தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள், காலால் தரையைக் கிளறினாள், படுத்தாள், எழுந்தாள். மிருகாஸ்பத்திரி டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். "தணுத்த வெள்ளம் இனி கொடுக்கண்டா" என்று, குளிர்ந்த தண்ணீர் இனிக் கூடாதென்று மலையாளத்தில் சொல்லிப் போனார். அன்று பிற்பகல் முழுக்க நீயும் நானும் மாறி மாறி அவளைக் கயிற்றில் பிடித்து நடத்தினோம். அவள் படுக்கப் பார்க்கும்போதெல்லாம் நீ அவள் கழுத்தில் சாய்ந்துகொண்டு, "நடம்மா, நடந்துரு, இன்னும் அந்தச் சில்வர் ஓக் மரம் வரைக்கும்" என்று கெஞ்சினாய். பொழுது சாயும் நேரம் அவள் சாணம் போட்டபோது நீ ரோட்டில் நின்று கைதட்டினாய். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் முதல் பெரிய அலுமினியக் குண்டாவில் வெந்நீர் வைத்து, தவிடும் கொஞ்சம் உப்பும் போட்டுக் கலக்கி, வெதுவெதுப்பாக நீயே பிடித்துக் குடிக்க வைத்தாய். தை கடைசிக்குள் அவள் உடம்பில் அடர்த்தியாகக் குளிர்கால மயிர் ஏறியிருந்தது.

வண்டி இழுத்தவளுக்கு முதுகில் ஆள் ஏற்றிப் பழக்கமில்லை. முதலில் வெறும் சாக்கு, பிறகு புல் கட்டு, பிறகு பாதி மணல் நிரப்பிய மூட்டை என்று ஏற்றினேன். டூரிஸ்டுகள் குடையைப் படக்கென்று விரித்தால் துள்ளுவாள். அதற்கு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். தினமும் வெயில் வந்ததும் நான் அவளுக்குக் கேரட் நீட்டுவேன், நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று குடையை விரித்து மடக்குவாய். ஒவ்வொரு நாளும் நாலு அடி கிட்டே வருவாய். மாசி மாதம் ஒருநாள் அவள் காதருகே குடை விரிந்தது. அவள் கேரட்டை மென்றுகொண்டே இருந்தாள்.

முதல் ஆளாக ஏறியது நீதான். ஐம்பதைத் தாண்டியவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல் மேல் நின்று ஏறினாய். நான் கயிற்றைப் பிடித்து மேட்டைச் சுற்றி நடத்தினேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லட்டி. இந்தத் தேயிலைக்குள்ளயே பொறந்தேன். இம்புட்டு ஒசரத்துல இருந்து இதப் பாத்ததே இல்ல" என்றாய்.

நீ அழுதாயா என்று எனக்குத் தெரியாது. நான் முன்னால் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் செவலியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் எஸ்டேட் லைன்ஸ் வீடுகளில் எல்லோரும் அவளை உன் குதிரை என்றார்கள். கொட்டகை உன்னுடையது, கூப்பிட்டால் வருவதும் உன் குரலுக்குத்தான். நான் பழக்கிய குதிரை. நான் வெளியூரில் இருந்து கொண்டுவந்த குதிரை. கடைக்காரர்கூட என்னிடம், "ஒங்க கூட்டாளி குதிரை சும்மா இருக்கா?" என்று கேட்பார். அது முள்ளாக உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாய், மறுநாளே லைன்ஸ் முழுக்க, "அது அவ குதிரை" என்று சொல்லியும் இருப்பாய்.

பனிக்காலத்துக்கென்று நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். "வெயிலு புல்லத் தொடாம செவலி கால வெளிய வைக்கக் கூடாது." லாடம் அடித்த குளம்பு உறைந்த கல்லில் கண்ணாடி மேல் போவதுபோலப் போகும். எனக்கும் அது தெரியும்.

அந்தத் தை மாதம் நீ சாந்தன்பாறையில் உன் மகள் வீட்டுக்குப் போனாய். சாயங்காலம் செவலிக்கு வெந்நீர் காட்டி, கதவின் கொண்டியை மாட்டிவிட்டு பஸ் ஏறினாய். மறுநாள் காலையில் நான் தவிட்டு வாளியோடு வந்தபோது வெள்ளைப் புல்லைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் ரோட்டில் நின்றது. "பனியில குதிரையோட ஒரு போட்டோ கிடைக்குமா? குதிரை உங்களுதா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆமாங்க, என்ற குதிரைதான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு என்னால் பின்வாங்க முடியவில்லை. கொண்டியை எடுத்தேன். செவலி வாசலில் முன்னங்காலை நிறுத்திக்கொண்டு வர மறுத்தாள். கயிற்றைச் சுண்டி இழுத்தேன். இரண்டாம் முறை இன்னும் பலமாக. வந்தாள். மேட்டுச் சரிவில் பத்தடி ஏறியிருப்போம். பின்னங்கால்கள் இரண்டும் ஒருசேர வழுக்கின. மண்டியிட்டு விழுந்தவளின் இடது பின்னங்கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டித் திருகியது. அவள் போட்ட சத்தத்தை உனக்கு எழுதமாட்டேன். அந்தக் குடும்பம் காருக்குள் ஏறிப் போய்விட்டது. நான் அவளைத் தட்டி எழுப்பி, அங்குலம் அங்குலமாகக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன்.

மதியம் நீ வந்தாய். பையைக் கீழே போட்டுவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தாய்.

"என்னாச்சுட்டி?"

"தெரியலீங்கக்கா. காத்தால வந்து பாத்தா கதவு தொறந்து கெடந்துது. இவ மேட்டுல நின்னாளுங்க."

பொய் சொன்னபோது என் வாயில் ங்க திரும்பி வந்திருந்தது. நீ அதைக் கவனிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கொண்டிய மாட்டினேனே" என்றாய். பிறகு மெதுவாக, "மாட்டினேனா? பஸ்ஸு ஹாரன் அடிச்சுது, ஓடினேன்... மாட்டலையோ?" என்றாய்.

அப்போது சொல்லியிருக்கலாம். உன் முகம் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. "விடுக்கா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். உன்னைப் பெருந்தன்மையாக மன்னித்தவள்போல.

நரம்பு அறுந்துவிட்டது, இனிச் சவாரிக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். நீ அந்தக் குளிர்காலம் முழுக்க உப்பு வெந்நீரில் துணி நனைத்து அவள் காலில் ஒற்றடம் வைத்தாய், கட்டுப் போட்டாய், பிரித்தாய், மறுபடி கட்டினாய். "என்னால கெட்டதும்மா, என்னால கெட்டது" என்று அவளிடம் பேசுவது எனக்குக் கேட்கும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

பிறகு உன்னிடம் ஒரு பழக்கம் வந்தது. கொண்டியை மாட்டிவிட்டுப் பத்தடி நடப்பாய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாய். கடைக்குப் பாதி வழி போய்த் திரும்புவாய். உன் வீட்டு வாசல், கேஸ் அடுப்பு, தண்ணீர்க் குழாய், எதன்மேலும் உனக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்று. உன் கை செய்ததை உன் மனம் நம்பவில்லை. லைன்ஸில் பிள்ளைகள் உன்னைப்போலத் திரும்பித் திரும்பி ஓடி விளையாடினார்கள். யாரையும் தலைநிமிர்ந்து அதட்டக்கூடிய நீ, "சரிதான், எனக்கு மண்டைக்குள்ள என்னமோ கழண்டுபோச்சு" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்திருக்கிறேன், அக்கா.

இப்படியே நான்கு வருஷம் போயிற்று. கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். மகள் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். நாம் இருவர் மட்டும்.

"கதவப் பூட்டினியாட்டி?" என்று கேட்டாய்.

"பூட்டிட்டேன்."

"இழுத்துப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா."

வேறொன்றைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் இருந்தது. உனக்கு மூச்சு வாங்குகிறதே, இப்போது எதற்கு என்று நினைத்தேன். உன்னை நினைத்துத்தான் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

போன வாரம் சாந்தன்பாறைக்குப் போனேன். உன் மகள் ஏலக்காய்க் களத்தில் இருந்து கை கழுவிக்கொண்டு வந்து, "வாங்க சித்தி" என்று நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குடும்பம், கயிற்றை இழுத்தது, கதவு பற்றிச் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்றால், "போனதப் பேசி என்ன சித்தி" என்று ஆறுதல் சொல்வாள் என்று உள்ளூர ஆசைப்பட்டேனோ என்னவோ.

அவள் எனக்குப் போட்ட நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். "சித்தி, அம்மாவ எத்தனை தடவ இங்க வந்து இருன்னு கூப்பிட்டேன் தெரியுமா?" என்றாள். "அந்தக் குளிரு நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. அவளுக்குன்னு ரூம்பு கூடக் கட்டினோம். வரமாட்டேன்னுட்டா. வாயில்லா ஜீவன நான்தான் நொண்டியாக்கினேன், அதக் கடைசிவரைக்கும் நான்தான் பாக்கணும்னு சொல்லிட்டா."

எனக்கு அது தெரியாது, அக்கா. மகள் வீட்டில் உனக்குச் சரிப்படவில்லை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாய்.

அவள் உள்ளே போய்ச் சாயா கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள். போகும்போது பக்கவாட்டில் அந்த அறை திறந்திருந்தது. தெற்குப் பார்த்த சன்னல் வழியாக உள்ளே நல்ல வெயில். தரையில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள்.

நான்கு வருஷம் நீ அந்த வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். பேரப்பிள்ளையின் தலையை வாரிக்கொண்டு, கீழே ரோட்டில் போகிறவர்களை எல்லாம் அதட்டிக்கொண்டு இருந்திருப்பாய். ஒருவேளை இன்றும் இருந்திருப்பாய். அந்த நான்கு வருஷமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.