எழும்ப முடியாத இருக்கை

ரூஜ், ஸ்காபரோ,
ரொறன்ரோ.
09 நவம்பர் 2025

அன்புள்ள மகள் நிலக்சிக்கு,

நான் உடல்நலத்தோடு இருக்கிறேன். டோக்கியோவில் நீயும் அம்மாவும் நலமாகவே இருப்பீர்கள்; அதில் எனக்கு ஐயமில்லை. என் மனக்குறைகளை முதலில் திகதிவாரியாகக் குறித்துவிடுகிறேன்.

1. ஒக்டோபர் 9: விமானநிலையத்தில் எங்களை வரவேற்ற கையோடு, என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், அம்மாவின் கையில் ரயில் அட்டை ஒன்றைக் கொடுத்தாய்.
2. ஒக்டோபர் 14: அம்மா எவருக்கும் சொல்லாமல் தனியே ரயிலேறி மீன்சந்தைக்குப் போய்வந்தார். நான் நிலையத்து வாசலில் மழைக்குள் நின்றேன். நீ சிரித்தாய்.
3. ஒக்டோபர் 18: என் பிறந்தநாள் என்று சொல்லிக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, என்னை ஓர் இருக்கையில் பூட்டவைத்து, அதன் பிறகு என் குடும்பச் செய்தியை எனக்கு அறிவித்தாய்.
4. ஒக்டோபர் 21: மனைவியோடு வந்த நான் தனியே விமானம் ஏறினேன்.

மூன்றாவதைப் பற்றித்தான் எழுதவேண்டும். அன்று காலை பேருந்தில் போகும்போது நான் மகிழ்ச்சியாக இருந்தேன், அதை நீ அறிந்திருக்கவேண்டும். கோட் அணிந்திருந்தேன். மகள் பூஜி மலையைக் காட்டக் கூட்டிப்போகிறாள் என்று நினைத்தேன். மலை முகிலுக்குள் இருந்தது. தெரிந்ததெல்லாம் முறுக்கிய தண்டவாளங்களும் அவற்றில் தலைகீழாகத் தொங்கி அலறிய சனமுந்தான். ரோலர் கோஸ்டரில் ஏற எனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்னேன். அம்மாதான், "ஒருக்கா ஏறிப் பாருங்கோவன், பிள்ளை ஆசைப்படுறாள்" என்றார். அவர் ஏறவில்லை, பைகளைப் பார்த்துக்கொண்டு வாங்கிலில் இருந்துவிட்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். வாசலில் கைத்தொலைபேசி, பணப்பை, கடைசியில் மூக்குக்கண்ணாடி வரை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். தோளுக்கு மேலால் இரும்புச் சட்டம் இறங்கியது. அங்கு வேலைசெய்யும் பெண் அதை இழுத்துச் சரிபார்த்துவிட்டு இரண்டு கைகளையும் ஆட்டி ஏதோ சொன்னாள். "போயிட்டு வாங்கோ எண்டு சொல்லுறா அப்பா" என்று மொழிபெயர்த்தாய். நான் அவளுக்குத் தலையாட்டினேன். வண்டி சங்கிலியில் கொளுவி மேலே ஏறத் தொடங்கியது. முன்னால் வானத்தைத் தவிர எதுவுமில்லை. அப்போது நீ சொன்னாய்: "அப்பா, அம்மா செவ்வாய்க்கிழமை உங்களோடை வரேல்லை. அவ கொஞ்ச நாள் என்னோடை நிக்கப்போறா. திரும்பி வாறதோ இல்லையோ எண்டு அவ இன்னும் முடிவெடுக்கேல்லை."

நான் இதற்கா இந்த இடம் என்று கேட்டேன். அதற்கு நீ தந்த மறுமொழி சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "வீட்டிலை கதைக்கத் தொடங்கினால் நீங்கள் எழும்பிக் கராஜுக்குப் போயிடுவியள். எத்தினை வருசமாப் பாக்கிறம். இதிலை எழும்பேலாது." கீழே பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு உன் அம்மாவின் முகம் தெரியவில்லை, அவருடைய சிவப்பு ஜக்கெற் மட்டும் ஒரு பொட்டாகத் தெரிந்தது. அந்தப் பொட்டு கையை ஆட்டியது. பிறகு வண்டி விழுந்தது. வெளியே வந்தபோது ஒரு திரையில் எங்கள் படத்தைப் போட்டு விற்றார்கள். அதில் நான் உன் கையை இறுகப் பிடித்திருக்கிறேன். அது அச்சத்தால். வேறு பொருள் கொள்ளவேண்டாம்.

அம்மா வாங்கிலில் இருந்து சுட்ட வற்றாளங்கிழங்கு தின்றுகொண்டிருந்தார், எனக்கும் பாதி முறித்து நீட்டினார். இதை நீரே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொல்லத் தொடங்கினனான். ஒருக்காலும் முடிச்சதில்லை" என்றார், அவ்வளவுதான். திரும்பும் பேருந்தில், இறங்கும் இடத்தில் மணியை அழுத்தியவர் அவர். எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

நான் பேராதனையில் பொறியியல் படித்தவன். இந்த நகரத்தின் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பரிசோதிப்பது என் தொழில். பூட்டு என்பது மனிதரைக் காப்பாற்றுவதற்கு. ஒருவரைக் கேட்கவைப்பதற்குப் பூட்டைப் பயன்படுத்தியதை நான் மன்னிக்கவில்லை. இன்னுமொன்று. லிஃப்டுக்குள் யாராவது அடைபட்டால், கதவைத் தொடுவதற்கு முன் நாங்கள் செய்வது அவரோடு பேசுவது, எப்போது திறப்போம் என்று சொல்வது. அது தெரிந்தால் மனிதர் பொறுத்திருப்பார். தெரியாவிட்டால் கதவை உதைப்பார். நீ எனக்கு அதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இங்கே பனி தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு றோஸ்மேரி அன்ரி இரண்டு முறை வந்து, "மலர் எப்ப வாறா தம்பி, அவ இல்லாமல் உங்கடை வீட்டிலை லைட்டே எரியிறேல்லை" என்று கேட்டார். மகளுக்குத் துணையாக நிற்கிறார் என்று சொன்னேன். அந்தப் பொய்யையும் உன் கணக்கில்தான் சேர்க்கிறேன். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன், அங்கே கேட்பவர்கள் அதிகம். வீட்டில் இருந்தால், நான் எழும்பிப் போகும்படி எதையும் சொல்ல எவருமில்லை. கராஜிலும் குளிர்.

நான் அம்மாவை அடைத்துவைத்திருந்தேன் என்று தொலைபேசியில் சொன்னாய். அஜின்கோர்ட்டில் அவர் வேலைசெய்யும் மருந்துக்கடைக்கு, கோயிலுக்கு, கலியாண வீடுகளுக்கு, எங்கே என்று கேட்டாலும் நான் கொண்டுபோய் விட்டேன், கொண்டுவந்தேன். மழை, பனி என்று ஒருநாளும் மறுக்கவில்லை. "கேக்கவேண்டி இருந்ததுதானே அப்பா" என்றாய். கார் பழகும் அனுமதிக்கான எழுத்துச் சோதனையில் அவர் சித்தியடைந்ததும், அந்த அனுமதி காலாவதியாகி மறுபடி எழுதியதும் உண்மை. உமக்கேன் இந்தச் சிரமம், நான் இருக்கிறன்தானே என்று நான் சொன்னதும் உண்மை. அதை அன்பு என்றுதான் சொன்னேன், இப்போதும் அப்படியே சொல்கிறேன். நம் வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் தூரம் என்று அவர் சொல்வது மிகைப்படுத்தல் என்பதை நிறுவுவதற்காகப் போன சனிக்கிழமை காரை விட்டுவிட்டு நடந்து போனேன். நடைபாதை பாதியில் முடிந்துவிடுகிறது. பிறகு பனி ஒதுக்கிய மேட்டுக்கு மேலால் நடக்கவேண்டும். பஸ் என் கண்முன்னே போய்விட்டது, அடுத்தது வரும்வரை ஒதுங்க இடமில்லை. அந்த நடையைப் பற்றி நான் விவாதிக்க விரும்பவில்லை. தகவலாக மட்டும் அம்மாவிடம் சொல்.

அவருடைய பிரஷர் குளிசைகள் ஜனவரி வரைக்கும் காணாது, பொதியில் அனுப்பியிருக்கிறேன். பனிக்காலச் சப்பாத்தும் அதற்குள் இருக்கிறது. பூமி அதிர்ந்தால் படியால் ஓடாமல் மேசைக்குக் கீழே இருக்கச் சொல். நீயும் வேலை வேலை என்று சாப்பாட்டைத் தவறவிடாதே. கோபத்திலும் எனக்கு அதில் கவலை உண்டு.

அம்மா அங்கே தங்கும் அனுமதி ஜனவரி முதல் வாரத்தோடு முடிகிறது. அதற்கு மேல் இழுபட நான் ஆயத்தமில்லை. அவர் வருகிறாரா, வந்தால் எந்தத் திகதி, விமானநிலையத்துக்கு நான் வரவா அல்லது அவரே ரயிலேறி வருவாரா என்ற மூன்றுக்கும் எழுத்தில் மறுமொழி வேண்டும். உன் எழுத்தில் அல்ல. அம்மாவின் கையெழுத்தில், அவர் தொடங்கி அவரே முடித்ததாக, எத்தனை பக்கமானாலும். டிசம்பர் 12 வெள்ளிக்கிழமைக்குள் அது என் கைக்கு வந்துசேரவேண்டும். முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்.

இறைவன் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. அன்புராசா