சுகந்தியின் அறையில் பாட்டு

நவம்பர் 2, ஞாயிறு

பேர்ண் முழுக்கப் பனிப்புகார். எதிர்வீட்டுப் பல்கனிகூடத் தெரியவில்லை. தோய்த்த உடுப்பு ஒன்றும் காயவில்லை.

அம்மாவுக்குப் போன் எடுக்கும் நாள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அவருக்குத் தங்கச்சி சுகந்தி போன மாதம் செத்தது இன்னும் தெரியாது. காலையில் வேலைக்குப் போனவள். தலைக்குள் இரத்தக் கசிவு, அவ்வளவுதான். அம்மாவுக்கு நெஞ்சு ஒப்பரேசன் முடிந்த பிறகு சொல்லலாம் என்று பாசலில் இருக்கும் அண்ணையின் உத்தரவு. மரண அறிவித்தல் எங்கும் போடவில்லை. ஊர்ச் சொந்தக்காரரின் வாயையும் கட்டியாயிற்று.

சுகந்திக்குப் போனில் கதைக்க எப்போதும் பஞ்சி, கூப்பிட்டாலும் எழும்பி வரமாட்டாள். உள்ளே அவளுடைய பாட்டுக் கேட்டால் ஆள் வீட்டில் என்று அம்மாவுக்கு விளங்கும். ஏதோ இங்கிலாந்து பாண்டின் பாட்டு. நாங்கள் சுவிஸுக்கு வந்த புதிதில் ரேடியோவைத் திருகினால் அதுதான். அன்றிலிருந்து அதையே கேட்டாள், விசரி.

இன்றும் அவள் அறைக் கதவைப் பாதி திறந்து வைத்து, ஸ்பீக்கரில் அதைப் போட்டேன்.

"உள்ளை நிக்கிறாள் அம்மா. கேக்குதெல்லே?"

ஓம், கேக்குது என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தப்பினேன்.

நவம்பர் 5, புதன்

ஆஸ்பத்திரிக் குசினி. மலை மலையாய் உருளைக்கிழங்கு. கையெல்லாம் வெடிப்பு, கிறீம் வாங்க வேண்டும்.

ரேடியோவில் அதே பாட்டு. செத்தும் விடமாட்டாளாம். டிரம், கிற்றார், பிறகு அந்த ஆளின் மூக்கால் அழுகிற குரல். எல்லோரும் சேர்ந்து பாடுகிற இடத்துக்குச் சுகந்தி எப்போதும் அரை வரி முந்திப் போய்விடுவாள். இராகமும் இல்லை, தாளமும் இல்லை, தொண்டை மட்டும். அந்த இடம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டுக் காத்து நின்றிருக்கிறேன். பாட்டுக்காரன் தனியாகவே பாடினான்.

ஏன் அழுகிறாய் என்று கேட்டார், கூட வேலை செய்யும் ராணியக்கா. வெங்காயம் என்றேன். முன்னால் கிடந்தது உருளைக்கிழங்கு. மிச்சக் கிழங்கை அவரே இழுத்து வைத்து வெட்டினார், பாவம்.

நவம்பர் 8, சனி

சுகந்தியின் முப்பத்தொன்றாம் நாள் காரியம். கோவிலில் சுருக்கமாய். ஐயர், அண்ணை, நான், ராணியக்கா. படையலில் வடை, பாயசம், அவளுடைய கறுப்புச் சொக்லேற். படம் எடுக்கக் கூடாது, முகநூலில் போடக் கூடாது என்று அண்ணை வாசலிலேயே சொல்லிவிட்டார். களவு செய்கிறவர்கள் மாதிரித் தங்கச்சியை அனுப்பி வைத்தோம்.

இனி என்னால் பொய் சொல்ல ஏலாது அண்ணை என்றேன். ஒப்பரேசன் முடியட்டும் என்றார். வேறு கதை இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்தால் அவள் அறையில் பாட்டு. சப்பாத்துக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். பிறகு பார்த்தால் கைப்பைக்குள் என் போன் தானாய் அமத்துப்பட்டு ஸ்பீக்கரோடு புளூடூத்தில் போய் ஒட்டியிருக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். போனையா, அவளையா, தெரியாது.

நவம்பர் 9, ஞாயிறு

பனிப்புகார் விலகவில்லை. நேற்றைய வடை மிச்சம்.

அம்மாவுக்கு எடுத்தேன். கதவு பாதி. பாட்டு. ஒப்பரேசனுக்கு நாள் தந்துவிட்டார்களாம். புது டொக்டர் சின்னப் பெடியனாம். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். உள்ளே அந்த இடம் வந்து போனது.

"பிள்ளை, பாட்டு மட்டுந்தான் வருது."

அறைக் கதவைப் பார்த்தேன்.

"அவள் முந்திப் பாடுறவளெல்லே. போன கிழமையும் பாடேல்லை. அதுக்கு முதல் கிழமையும் பாடேல்லை."

ஸ்பீக்கரை நிற்பாட்ட எழுந்து ஓடினேன். கையிலிருந்த போனுக்குள் அம்மா.

"நிப்பாட்டாதை. முடியட்டும்."

பாட்டு இன்னும் பாதி இருந்தது.