தபஸ்ஸுமுக்கு அனுப்பிய மாத்திரை

அன்பு மனைவி கைசருக்கு, ஹனீஃபாவின் ஸலாம். நான் நலம். நீயும் பிள்ளையும் சுகமா? போனை எப்போதும் நம் மகள் தபஸ்ஸுமே எடுக்கிறாள். இது அவள் காதில் விழ வேண்டாமென்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் தி.நகர் கடைப் படியில் வழுக்கி, கையை ஊன்றி உட்கார்ந்தேன். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. இடது கைதான், பயப்படாதே. "இன்னா பாய், உள்ள கீறது எலும்பா அப்பளமா?" என்று கூட வேலை செய்யும் அறிவு கேட்டான். நானும் சிரித்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வயிறு கலங்கும்போதெல்லாம் நானாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவேன் என்றேன். அதில் குடலில் வாழும் நல்ல கிருமிகளும் செத்துப்போகும், எலும்பு உருவாக அவையும் உதவுகின்றன என்றார். என் கை முறிந்தது அதனால்தான் என்று அடித்துச் சொல்லவில்லை.

எட்டாவது தாண்டாத பெரிய டாக்டர் நான், அதே மாத்திரையைத்தானே தபஸ்ஸுமின் வயிற்று வலிக்கும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். கால் வலிக்கிறது என்றவளிடம் வளர்கிற வயதில் வரும் வலி என்று சொல்லிவிட்டேனே. அவள் எலும்புக்கும் ஏதாவது ஆகியிருக்குமோ? மிச்ச மாத்திரையைக் கொடுக்காதே. அவளை டாக்டரிடம் காட்டு. என் பழைய கைலி ஒன்று அனுப்பு, ஒற்றைக் கையால் பேன்ட் மாட்ட முடியவில்லை.

கடை திறக்கிறார்கள். அவள் தெருவில் ஓடி விளையாடுகிறாளா என்று மட்டும் உடனே சொல்.

ஹனீஃபா