பனியில் கடைசி ஆள்

2012 ஜனவரி 9, திங்கள்
மூடுபனி. ஒரகடம் ரோடே தெரியவில்லை, கம்பெனி பஸ் ஊர்ந்து வந்தது. ஏ ஷிப்ட். ஷாம்பு வாங்கணும்.

அவரிடமிருந்து இன்றும் போன் இல்லை. எல்லையில் கடும் பனி என்று ஹாஸ்டல் டிவியில் ஓடியது. நிச்சயம் முடிந்து அடுத்த வாரமே பட்டாளத்துக்குத் திரும்பிப் போன மனுஷன்.

கேன்டீன் போகிற வழியில் அந்தப் பெரிய படம். வெள்ளைக்கார ஜி.எம். மாட்டியது. அவர் ஊரில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வரைந்ததன் நகலாம். பனிமலையில் படை போகிறது. பீரங்கி, குதிரை, நீளக் கோட்டு. எல்லோரும் முன்னே பார்க்க, கடைசி ஆள் மட்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறான்.

நிச்சயத்தன்று அவரை ஒரே தரம்தான் நிமிர்ந்து பார்த்தேன். முகம் மறந்துவிட்டது. இப்போது நினைத்தால் இந்த ஆள் முகம்தான் வருகிறது, தாடியோடு. வெட்கக்கேடு!

ஜனவரி 10, செவ்வாய்
நாளெல்லாம் லைனில் செல்போன் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிறோம். எங்கள் போன் மட்டும் கேட் லாக்கரில். ஷிப்ட் முடிந்ததும் ஓடிப் பார்த்தேன். ரீசார்ஜ் மெசேஜ். எரிச்சல்.

மத்தியானம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹவுஸ்கீப்பிங் மல்லிகா அக்கா, வடக்குப்பட்டு ஊர்க்காரி, தரை துடைக்கிற மாப்போடு வந்து நின்றாள். "இன்னாடி, தெனம் அதையே பாத்துகினு கீற? உன் ஆளா அவன்?"

ஆமாம் என்றேன். உடனே அழுகை.

"அய்ய, அழுவாதடி! அது நெஜப் பனியே இல்லியாம். ஆளுங்களுக்கு வேசம் கட்டி, வூட்டாண்ட மாவு கொட்டி, அதப் பாத்து வரைஞ்சானாம். எச்.ஆர். சாரு சொன்னாரு."

மாவு! கோலத்துக்கு ஆகும்.

ஜனவரி 11, புதன்
விடிகாலைக் கனவு. எல்லோரும் மாவில் நடக்கிறார்கள். சத்தமே இல்லை. யாருக்கும் குளிரவில்லை. கடைசி ஆள் தும்மினார். எனக்குச் சிரிப்பு.
லைனில் இரண்டு பீஸ் ரிஜெக்ட். சூப்பர்வைசர்: "கனவா?" ஆமாம் சார்.
போன் இல்லை.

ஜனவரி 12, வியாழன்
வந்துவிட்டது! கேட்டுக்கு வெளியே, பஸ் ஏறப் போகும்போது.

"டவர் இல்ல புள்ள. இன்னைக்குத்தேன் கீழ எறங்குனோம்."

முருகா! கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கேட்க எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "நடக்கையில எல்லாருக்கும் பின்னால போகாதீக."

சிரித்தார். "எவனாச்சும் விழுந்துட்டா யாரு தூக்குறது? கடைசி ஆளே நாந்தேன்."

உடனே கேட்டேன். "அப்ப திரும்பித் திரும்பிப் பாப்பீகளா?"

"அதுதானே புள்ள என் வேலையே."

கட்டாகிவிட்டது. தாடி இருக்கிறதா என்று கேட்கவில்லை.