விட்டுப்போன இரண்டு சுற்று

மச்சான்,

நேற்று உன் கீபோட்டின் உறையைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. நீ போட்டு வைத்தவைதான், பாதி கரைந்து கிடந்தன. இப்போது அதை வாசிக்கிறவர் தெஹிவளை ஆள், வங்கியில் வேலை. அடுக்கடுக்காகத் தும்மினார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். வெள்ளவத்தை மண்டபத்தின் மாடிக்கு என் ட்ரம்ஸை ஏற்றிய களைப்பில் அதுகூட வரவில்லை.

வெள்ளைக்காரர் வாசித்த பழைய புரோகிரசிவ் ரொக் பாட்டுகளை இம்மியும் பிசகாமல் வாசிக்க வேண்டும் என்பது உன் பைத்தியம். எங்கள் மூவரையும் அந்தப் பைத்தியத்தில் சேர்த்துவிட்டவனும் நீதான். கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு ஹோலில், ஞாயிறு பூசை முடிந்த கையோடு, ஒரே கசெற்றைத் திரும்பத் திரும்பப் போடுவாய். இருபது நிமிசப் பாட்டு. நடுவே, ஏழு தட்டுக் கணக்கில் போகிற இடத்தில், திடீரென்று ஒரு தாவு தாவும். "என்ன மூளையடா இவங்களுக்கு!" என்று தலையில் கைவைப்பாய். அந்தத் தாவலை மட்டும் ஆறு மாதம் பழகினோம்.

பிறகு சீடி வந்தபோதுதான் தெரிந்தது, அது எவருடைய மூளையும் இல்லை. மருதானையில் வாங்கிய எங்கள் கசெற் முன்னமே அறுந்து ஒட்டப்பட்டது. ஒட்டியதில் அந்த ஏழு தட்டில் இரண்டு சுற்று போய்விட்டது. அந்த ஒட்டைத்தான் இத்தனை காலமும் அச்சொட்டாக வாசித்திருக்கிறோம்! நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ மட்டும் செத்த வீட்டு முகத்தோடு, "பதினைஞ்சு வருசம் பிழையா வாசிச்சிருக்கிறம்" என்றாய்.

மறுபடி பழகினோம். என் கைக்குத்தான் பழக்கம் போகவில்லை. போன வருடம் மேடையில் பழைய இடத்தில் தாவிவிட்டேன். நீ கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினாய். "திருப்பித் தொடங்குவம்" என்றாய், அத்தனை சனத்துக்கும் முன்னால். இறங்கியதும் உன்மேல் பாய்ந்தேன். "நீ வாசிக்கிறவன் இல்லையடா, வெறும் ரெக்கோட் பிளேயர்." நீ வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாய். அடுத்த ஞாயிறு நீ எனக்குப் போன் எடுத்தாய், நான் பேசவில்லை. இரண்டு கிழமை கோபமாக இருந்து பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் உனக்கு மாரடைப்பு வந்துவிட்டது.

நேற்று, நீ இல்லாத முதல் கச்சேரி. அதே இடத்தில் என் கை மறுபடியும் தாவியது. புதியவர் கெட்டிக்காரர். கொஞ்சமும் தடுமாறாமல் என்னோடு சேர்ந்து தாவினார். மற்ற இருவரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பாட்டு நிற்கவில்லை. சனம் எழுந்து நின்று கைதட்டியது.

"பரவாயில்லை அண்ணை, ஆருக்கும் விளங்கேல்ல" என்று அவர் என் தோளில் தட்டினார்.

நல்ல மனுசர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி நான் எங்கே பிழைவிட்டாலும் எல்லோரும் என்னோடு சேர்ந்து தாவுவார்கள். நிறுத்தென்று சொல்ல எனக்கு இருந்தவன் நீ ஒருவன்தான், மச்சான். உன்னைப் பார்த்துத்தான் நான் ரெக்கோட் பிளேயர் என்று சொன்னேன்.