வாசலோடு அனுப்பிய பிள்ளை

கல்வராயன் மலை
4.8.2025

அன்புள்ள ஜெபீனா,

நீயும் அன்சர் அண்ணனும் சுகம்தானே? இங்க டவர் கிடைக்காது, போன் பண்ணிப் பண்ணிப் பார்க்காத. கடிதாசியே போடு.

மழை ஆரம்பிச்சதும் பால்வாடியில வயித்துப்போக்கு புகுந்துடுச்சு. உதவியாளர் அம்மா ரிட்டயர் ஆனதோட சரி, வேற ஆள் போடல. நானே சமைக்கிறேன், நானே கழுவி வுடறேன், அந்தக் கையாலயே சோறு ஊட்டறேன். சோப்பு போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுக் கிடக்குது. இதுல, கை கழுவற போட்டோவ செல்போன்ல ஏத்தலன்னு சூப்பர்வைசர் மேடத்துகிட்ட திட்டு வேற.

தைலம்மாள்னு ஒருத்தி, மரவள்ளிக் காட்டுல களை எடுக்கறவ. மக தனுஷாவுக்குப் போக்கு. "சீக்கான புள்ளய சேக்கக் கூடாதும்மா"ன்னேன். "வூட்ல வேற யாரு கீறாங்க டீச்சர்?"னு இறக்கி வுட்டுட்டுப் போயிட்டா. ஓ.ஆர்.எஸ். கரைசல் குடுத்துத் தேத்திட்டேன். ஆனா மறுநாள் இன்னும் நாலு பிள்ளைங்களுக்கு ஆரம்பிச்சுடுச்சு. எனக்கு அழுகை கூட வரமாட்டேங்குது. இன்னா பண்றது, சொல்லு.

உன்
செல்வி

உளுந்தூர்பேட்டை
11.8.2025

என் செல்லம் செல்விக்கு,

அல்லாஹ் உன் உடம்பைக் காப்பாத்தட்டும். படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. நான் வேலை பாக்கற பிளே ஸ்கூல்லயும் பாதிப் பிள்ளைங்களுக்கு வாந்தி. பெத்தவங்க கேட்டா பல்லு முளைக்குதுன்னு சொல்லுங்கிறார் ஓனர். நானும் சொல்லிக்கினுதான் இருக்கேன்.

உனக்கு இரக்கம் ஜாஸ்தி. ட்ரெயினிங்ல ஒண்ணா இருந்தப்பவே பாத்தவதானே நான். ஒரு புள்ளைக்காக இருபது புள்ளைங்களுக்கு ஒட்ட வெப்பியா? நாளைக்கு ஏதாச்சும் ஆனா உன் தலையிலதான் விடியும். கதவுகிட்டயே நின்னு திருப்பி அனுப்பிடு. யார் அழுதாலும் சரி. எனக்காக இத செய்டி.

ஜெபீனா

கல்வராயன் மலை
2.9.2025

ஜெபீனாவுக்கு,

நீ சொன்னபடியே செஞ்சேன்.

தனுஷா மறுபடி போக்கோட வந்தா. வாசலோடு அனுப்பிட்டேன். தைலம்மாள் கெஞ்சக் கூட இல்ல, தூக்கிக்கினு காட்டுக்குப் போயிட்டா. வரப்புல சாக்கு விரிச்சுப் படுக்க வெச்சிருக்கா. மதியம் வந்து பாத்தா கண்ணு உள்ளே போய்க் கிடந்துச்சாம். ஜீப்புல ஏத்தி ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

கரைசல் பாக்கெட் அலமாரி நிறைய இருந்துச்சு. ரெண்டு எடுத்து அவ கையில குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல ஜெபீனா. உள்ளே ஒருத்தன் பாயிலயே கழிஞ்சு வெச்சிருந்தான். அதைத் துடைக்கணும்னுதான் நினைச்சுக்கினு நின்னேன்.

யாரும் என்னைத் திட்டல. நான் பண்ணது சரின்னு மேடம் சொல்லிட்டுப் போனாங்க.

நேத்து தைலம்மாள் சின்னவனைத் தூக்கிக்கினு வந்தா. நான் ஒண்ணும் கேக்கல. அவளே படிக்குக் கீழ நின்னு, அவன் சட்டையத் தூக்கி வயித்தக் காமிச்சு, "இவன் நல்லா கீறான் டீச்சர், தொட்டுப் பாருங்க"ன்னா. என் கை எழவே இல்ல.

வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். உன்மேல கோவம் இல்ல, என் நல்லதுக்குத்தான் சொன்னே. ஆனா உன் கையெழுத்தப் பாத்தா அந்தப் புள்ள மொகம்தான் வருது. இனிமே எனக்கு எழுதாத.

செந்தமிழ்ச்செல்வி