சோத்தாங்கைப் பக்கம்

என் உயிர் மச்சான் கலியமூர்த்திக்கு,

ஏறிட்டோம் மச்சான்! உன் தங்கச்சி பாக்கியமும் நானும் பர்வதமலை உச்சி வரைக்கும் ஏறிட்டோம்! எனக்குத்தான் எழுத்து வராதே, நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "மெதுவா சொல்லுங்க மாமா" என்கிறாள். எங்கே மெதுவா? இறங்கி மூன்று நாளாகியும் நெஞ்சு இன்னும் மலைமேலேதான் நிற்கிறது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. புவனகிரிப் பாலத்து டீக்கடைக்காரர் என் தலையைக் கண்டால் இன்னும் ரெண்டு டீ ஆற்றிவிடுகிறார். ஒன்றை நான் குடிக்கிறேன். இன்னொன்றை அவரே குடித்துக்கொள்கிறார்.

"அந்த மலையில நம்ம கையாலயே சாமிக்குத் தண்ணி ஊத்தலாம். ஒரு வருஷம் உன்னை இட்டுனு போறேன் தங்கச்சி" என்று நீ சொல்லியே முப்பது வருஷம் போச்சு. ஒவ்வொரு தடவையும் நீ மட்டும்தான் போனாய். ஏன் மச்சான்?

இப்போது அவளுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. அடுத்த மாசம் ஆபரேஷன். "அதுக்கப்புறம் மலையெல்லாம் மறந்துடுங்கம்மா" என்றார் டாக்டர். அன்றைக்கே வெள்ளாற்றில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, வாயைத் துணியால் கட்டிவிட்டாள். "எங்கண்ணன் சொன்னதை நான் முடிக்கணும். வர்றியா, நானே போவட்டா?"

விட முடியுமா? கடலூரில் பஸ் ஏறினோம்.

விடிந்ததும் அடிவாரத்தில் பூ விற்கிற அம்மா, "இந்த மோடத்துல எங்க போறீங்க பெரியவரே?" என்று கேட்டது. மலையையே காணோம், பத்தடிக்கு அந்தப் பக்கம் வெறும் மேகம். ஐந்து படிக்கு ஒரு தரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள் உன் தங்கச்சி. கை கொடுத்தால், "உன்னைப் புடிச்சா ரெண்டு பேரும் உருளுவோம். முன்னால போய்யா" என்கிறாள்.

அப்புறம் வந்தது பார், மலை முதுகு! நீ சொன்னது பொய்யில்லை. ஒற்றை ஆள் அகலம். இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டின கழனி மாதிரி வெள்ளை மேகம், நடுவே வரப்பு. நான் குந்திக் குந்தி நகர்ந்தேன். அவளுக்கோ அங்கேதான் குஷி. "நாத்துக்கட்டைத் தலையில வெச்சினு நடந்த காலுய்யா இது" என்று என்னைத் தாண்டி விறுவிறுவென்று போகிறாள்!

முதுகு முடிந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பலகை இருந்தது, எழுத்தும் இருந்தது. எங்களுக்கு என்ன பிரயோசனம்? மேலே கீழே ஆளே இல்லை. எனக்கு நீதான் பலகை. டீக்கடையில் நீ சொன்னது ஒரு சொல் பிசகாமல் காதில் இருக்கிறது. "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு மச்சான். இன்னொரு பக்கம் பள்ளம்." நான் வலப்பக்கம் திரும்பினேன். கல் சறுக்கியது. ஈரம்தானே என்று போனேன்.

"யோவ், நில்லுய்யா!"

"இன்னா, கால் வலியா?"

"எங்கண்ணன் எந்தக் கையால சோறு துன்னுச்சு?"

அப்படியே நின்றுவிட்டேன் மச்சான். காற்று ஒரு தரம் அடித்தது, மேகம் கிழிந்தது. எனக்கு நாலு எட்டு முன்னால் பாதை இல்லை. கீழே, ரொம்பக் கீழே, மரங்களின் தலை.

இதை எப்படி மறந்தேன்? என் கல்யாணப் பந்தியில் நீ இடக்கையால் சோற்றைப் பிசைந்ததற்கு உன் பெரியப்பா எத்தனை பேர் முன்னால் கத்தினார்! பாதி இலையில் எழுந்து போனாயே. அன்றைக்கு நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் அது உன் மனசில் இருந்ததா? அந்தக் கையால் சாமிக்கு ஊற்றுவதை நாங்கள் பார்க்கக் கூடாதென்றுதான் தனியாகவே போனாயா?

"வா, எங்கண்ணனோட சோத்தாங்கைப் பக்கம் போவலாம்" என்றாள். இடப்பக்கம் திரும்பினோம். அதன்பிறகு பாறையில் படியாக அடித்த கடப்பாரைகள், பிடித்து ஏறச் சங்கிலி, அவள் முனகல், என் மூச்சு. அப்புறம் மணிச் சத்தம்! மேகத்துக்குள்ளே மணி மச்சான்!

சாமி முன்னால் சொம்பின் துணியை அவிழ்த்தாள். இடக்கையால் ஊற்றினாள். பின்னால் நின்ற ஒரு பிள்ளை பதறிவிட்டது. "பாட்டி, சோத்தாங்கையால ஊத்துங்க!"

"எங்கண்ணனுக்கு இதான் சோத்தாங்கை" என்றாள், திரும்பாமலே. சொம்பு காலியாகும்வரை ஊற்றினாள். அவள் அழுவாள் என்று பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதது நான்தான்.

மச்சான், வருகிற உன் திதிக்கு இலை போடப்போவது நான்தான். நீ மறுகையால் எடுக்கத் தோதாகத் தண்ணீர் டம்ளரை வலப்பக்கம் வைப்பேன். எவன் என்ன சொன்னாலும் சரி. இந்தத் தடவை பாதியில் எழுந்து போகாமல், நிதானமாக, உன் சோத்தாங்கையாலேயே சாப்பிடு.

உன் தங்கச்சியை ஏற்றி இறக்கியவன் என்று பீற்றிக்கொண்டாலும், அவளால் உயிரோடு இறங்கிவந்த,
உன் மச்சான்
கொளஞ்சி